புள்ளிக்குக் கூலி, எல்லைக்கு ஒரு தாள்: ஸ்பீடுவே வீரர்களின் அயல்நாட்டுப் பிணக்குகள்

ராமநாதபுரம் கடற்கரையில் மோட்டார் சைக்கிள் பைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. பாம்பன் பாலத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை நீளும் சாலையில் விடுமுறை நாள் மாலையில் நின்று பார்த்தால் தெரியும். அந்தப் பையன்களின் கைபேசிகளில் ஸ்பீடுவே என்ற பந்தயமும் இப்போது ஓடுகிறது. நான்கு வண்டிகள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவில் திரும்பும் காட்சி. அதன் வால்பிடித்துச் செய்திகளும் வருகின்றன: வெளிநாட்டிலிருந்து போன வீரருக்குக் கிளப் பணம் தரவில்லை, மோசமான தடத்தில் ஓட மறுத்தவரை ரசிகர்கள் திட்டினார்கள், விசா கிடைக்காமல் ஒருவர் அணியில் இடம் இழந்தார். உடனே டீக்கடையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி “இனவெறி” என்று தீர்ப்பு எழுதுகிறது. மற்றது “கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன புலம்பல்” என்கிறது. இந்த விளையாட்டில் பணம் எந்த வழியாக வருகிறது என்று கேட்டால் இரண்டு கட்சிக்கும் பதில் தெரியாது. அது தெரியாமல் இந்தப் பிணக்குகளில் ஒன்றைக்கூட எடைபோட முடியாது என்பது என் கட்சி.

பிரேக் இல்லாத வண்டி

முதலில் விளையாட்டு. ஸ்பீடுவே வண்டியில் 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். ஒரே கியர். ஓடுவது பெட்ரோலில் அல்ல, மெத்தனாலில். பிரேக் கிடையாது, விதியே அப்படித்தான். குறைந்தபட்ச எடை 77 கிலோ, நம் சாலைகளில் ஓடும் 100 சிசி வண்டிகளைவிடக் குறைவு. தடம் நீள்வட்டமானது, ஒரு சுற்று 260 மீட்டரிலிருந்து 425 மீட்டர் வரை. மேலே உதிரியான கல்தூளும் மண்ணும் பரப்பியிருப்பார்கள்.

தொடக்கக் கோட்டில் நாடாக்கள் குறுக்கே கட்டப்பட்டிருக்கும். அவை மேலே எழும்பிய நொடியில் நான்கு பேர் பாய்வார்கள். எப்போதும் இடப்புறமாகவே திரும்பி நான்கு சுற்று. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதை ஓர் ஓட்டம் என்பார்கள். வளைவுக்குள் நுழையும்போது வீரர் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் சறுக்கவிடுகிறார். வண்டி இடப்புறம் திரும்பிக்கொண்டிருக்க, ஹேண்டில்பார் மட்டும் வலப்புறம் பார்க்கும். இடது பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு மாட்டிய கால் மண்ணில் உரசிக்கொண்டே வரும். வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, திரும்புவது மூன்றையும் வலது கைப்பிடியின் முறுக்கும் அந்தச் சறுக்கலும்தான் தீர்மானிக்கின்றன. முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் நின்றுவிட முடியாது. தடத்தைப் பற்றி வீரர்கள் போடும் சண்டையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்குச் சுழியம். லீக் ஆட்டத்தில் ஓர் ஓட்டத்துக்கு அணிக்கு இருவர் வீதம் நிற்பார்கள். போலந்தில் ஓர் ஆட்டத்துக்கு 15 ஓட்டங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டு வீரர் என்பவர் இந்த விளையாட்டுக்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர் அல்லர். 1923இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெயிட்லாந்தில் நடந்த பந்தயத்தையே இதன் தொடக்கமாகப் பலர் சொல்கிறார்கள். 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு அருகே ஹை பீச்சில் நடந்த பந்தயம் இங்கிலாந்தில் கூட்டத்தைக் கூட்டியது. அந்த ஆண்டே ஆஸ்திரேலியர்கள் கப்பலேறி வந்து ஓடினார்கள். 1936இல் வெம்பிளியில் முதல் உலகப் பட்டம் வென்ற லயனல் வான் பிராக் ஆஸ்திரேலியர். ஆறு முறை உலகப் பட்டம் வென்ற ஐவன் மேஜர் நியூசிலாந்துக்காரர். 1950களின் பிற்பகுதியில், பதின்வயது முடிவதற்குள் இங்கிலாந்து போய், நிலைக்க முடியாமல் ஊர் திரும்பி, சில ஆண்டுகள் கழித்து மறுபடி போனவர். வந்தேறிகள் இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை. அவர்களைப் பற்றிய புகார்களும் அந்தக் காலத்திலிருந்தே உண்டு.

பங்குப் பணமும் புள்ளிப் பணமும்

எங்கள் கடற்கரையில் இதைப் புரியவைக்க விசைப்படகு ஒன்று போதும். ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ தொண்டிப் பக்கத்திலோ படகில் ஏறும் ஆளுக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். கரைக்கு வந்து மீன் ஏலம் போன பிறகு முதலில் டீசல் காசு, ஐஸ் காசு, சாப்பாட்டுச் செலவு கழியும். மிச்சத்தில் படகுக்காரர் பங்கு, ஆட்கள் பங்கு. இறால் பட்டால் எல்லார் முகத்திலும் வெளிச்சம். வலை வெறுமையாக வந்தால் உழைப்பு மட்டும் மிச்சம். காற்று பலத்து, மீன்வளத்துறை அனுமதிச் சீட்டு தராத நாளில் கடலுக்கே போக முடியாது; அன்று யாருக்கும் ஒன்றுமில்லை. பக்கத்து ஊரிலிருந்து படகேற வந்தவருக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு: கணக்கில் தகராறு வந்தால் அவருக்காகப் பேசக் கரையில் சொந்தக்காரர் எவரும் இருக்கமாட்டார்.

ஸ்பீடுவே வீரரும் பங்குக்காரர்தான். கிளப் அவருக்கு மாதச் சம்பளம் தருவதில்லை. சட்டப்படி அவர் ஊழியர் அல்லர், தன் பெயரில் தொழில் நடத்தும் ஒப்பந்தக்காரர். எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். இதுதான் புள்ளிப் பணம். ஓட்டத்தில் தன் கூட்டாளிக்கு அடுத்த இடத்தில், எதிரணி வீரரை முந்தி வந்தால், கூட்டாளியை மறித்து ஓடாததற்காக ஒரு கூடுதல் புள்ளி எழுதப்படும். அது அணியின் கணக்கில் சேராது, வீரரின் பணக்கணக்கில் சேரும். பெரிய லீக்குகளில் பருவம் தொடங்கும் முன்பே ஒரு தொகை கொடுப்பதும் உண்டு. அதைக் கையெழுத்துப் பணம் என்பார்கள். அதைக் கேட்டுத்தான் நம் டீக்கடைக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

அந்தப் பணம் எதற்கு என்று பாருங்கள். படகு ஆளுக்கும் ஸ்பீடுவே வீரருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. படகு ஆள் படகு வாங்க வேண்டியதில்லை. ஸ்பீடுவே வீரரோ படகையும் வாங்கி, வலையையும் வாங்கி, டீசலும் போட்டு, இரண்டு ஆட்களுக்குக் கூலியும் கொடுத்து, அப்புறம் பங்குக்கு நிற்பவர். வண்டிகள், எஞ்சின்கள், அவற்றைப் பிரித்துப் பூட்டும் நிபுணருக்கான கட்டணம், டயர், மெத்தனால், மெக்கானிக்குகள், வேன், விமான டிக்கெட் எல்லாமே அவர் கையைவிட்டுப் போவது. விளம்பரதாரர்கள் கொஞ்சம் தாங்குவார்கள். மற்றபடி பருவம் தொடங்கும்போதே அவர் கடன்காரராக இருப்பார், அல்லது சேமிப்பைக் கரைத்திருப்பார். மழை பெய்து ஆட்டம் ரத்தானால் வேன் ஓடிய செலவு நிற்கிறது, புள்ளி வரவில்லை.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஸ்பீடுவே வீரர் கிளப்பின் சம்பளக்காரர் அல்லர். முதல் போடுபவர் அவரே, நட்டம் தாங்குபவரும் அவரே. “சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட மறுக்கிறார்” என்ற வாக்கியத்தின் முதல் பாதியே பிழை.

ஒரு வாரம், மூன்று நாடு

ஒரே லீக்கின் புள்ளிகளை நம்பி இந்தச் செலவைத் தாங்குவது பலருக்குக் கடினம். அதனால் பல வீரர்கள் ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று நாடுகளின் கிளப்புகளுக்கு ஓடுகிறார்கள். இந்த விளையாட்டின் விசித்திரமே இதுதான். வழக்கமாகப் போலந்து லீக் வாரக் கடைசியில் நடக்கும், சுவீடன் செவ்வாயன்று, டென்மார்க் புதனன்று, இங்கிலாந்து திங்களும் வியாழனும். வீரர் விமானத்தில் பறப்பார். மெக்கானிக் இரவெல்லாம் வேனை ஓட்டுவார், அல்லது ஒவ்வொரு நாட்டிலும் தனியாக வண்டிகள் நிறுத்தியிருப்பார்கள். வேறொரு குழு விளையாட்டில் இப்படி ஓர் ஆட்டக்காரர் மூன்று சட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவதை நான் கேள்விப்பட்டதில்லை.

பிணக்குகளின் முதல் ஊற்று இங்கே. ஒரு கிளப்புக்காகக் களைத்து விழுந்தால் இன்னொரு கிளப்புக்கு நட்டம். சுவீடனில் கை முறிந்தால் வருந்துவது போலந்துக் கிளப். அதிகப் பணம் தரும் போலந்துக் கிளப்புகள், தங்கள் வீரர் வேறு எங்கெல்லாம் ஓடலாம் என்பதற்குக் கட்டுப்பாடு கேட்பது இதனால்தான். வீரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஊழியர் அல்லாத ஒருவரை ஊழியரைப் போலக் கட்டிப்போடுவதாகத் தெரியும். இரண்டும் உண்மைதான். ஆனால் கட்டிப்போடுகிறவர் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்பேன்.

இது புதிய சண்டையும் அல்ல. 1970களில் சுவீடன் வீரர்கள் இங்கிலாந்து லீக்கில் ஓடிக்கொண்டே தங்கள் நாட்டு ஆட்டங்களுக்கும் போய்வந்தார்கள். நடுப்பருவத்தில் ஆள் கிடைக்காத எரிச்சலில் பிரிட்டிஷ் லீக் 1974ஆம் ஆண்டுக்கு அவர்களைச் சேர்க்காமல் விட்டது. அந்த ஆண்டு உலகப் பட்டத்தை வென்றவர் சுவீடனின் ஆண்டர்ஸ் மிக்கானெக். தடை போட்டவர்கள் அன்று என்ன நினைத்தார்களோ!

சொந்த ஊர் இடம்

எந்த லீக்கும் வாசலை முழுதாகத் திறந்து வைப்பதில்லை. போலந்தின் உயர்மட்ட லீக்கில் ஒவ்வோர் அணியிலும் 21 வயதுக்குட்பட்ட போலந்து வீரர்களுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு வீரருக்கு இது நேரடியான அடைப்பு. ஒளித்துவைத்த வஞ்சகம் அல்ல, அச்சிட்ட விதி. நான் இதைக் குறை சொல்லமாட்டேன். சொந்தப் பையன்களுக்கு ஓட இடம் தராத லீக் பத்தாண்டில் காய்ந்துபோகும். 2019 தொடங்கி 2024 வரை ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற போலந்தின் பார்த்தோஷ் ஸ்மார்ஸ்லிக், இளையோருக்கான இப்படிப்பட்ட இடத்தில் ஓடி வளர்ந்தவர்தான்.

இங்கிலாந்து முறை வேறு. அதுதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. அங்கே ஒவ்வொரு வீரருக்கும் சராசரி என்று ஓர் எண் உண்டு: நான்கு ஓட்டங்களுக்கு அவர் சராசரியாக எடுக்கும் புள்ளி. எல்லா ஓட்டத்தையும் வென்றால் 12. ஓர் அணியைச் சேர்க்கும்போது எல்லாருடைய சராசரியையும் கூட்டினால் வரும் தொகை, லீக் வைத்த உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. பணக்காரக் கிளப் நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இது. நோக்கம் நல்லதே.

அங்கே ஓடியே இராத வெளிநாட்டு வீரருக்குச் சராசரி எங்கிருந்து வரும்? அதிகாரிகளே ஓர் எண்ணை மதிப்பிட்டுச் சூட்டுகிறார்கள். அதை மதிப்பிட்ட சராசரி என்கிறார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் உண்மையில் 4 புள்ளித் தரத்தில் இருக்கிறான், தலையில் 6 என்று எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சவரம்புக்குள் கணக்குப் பார்க்கும் எந்தக் கிளப்பும் 6 புள்ளி இடத்தை அவனுக்குக் கொடுக்காது. யாரும் அவனை “வெளிநாட்டுக்காரன்” என்று தள்ளவில்லை. “உன் எண் எங்கள் கூட்டலில் பொருந்தவில்லை” என்று வருத்தத்தோடு சொல்வார்கள். விளைவு ஒன்றே. கூட்டத்தில் எவனோ கத்தும் வசைச்சொல்லைவிட இந்தச் சிறிய எண் அதிக வீரர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்பது என் ஊகம்.

தாள்கள்

இங்கே வேகமாகக் கடக்கலாம், ஏனென்றால் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பிப் பழகிய கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து வீடுகளுக்கு விசா பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், 2021 ஜனவரி முதல், போலந்து, டென்மார்க், சுவீடன் வீரர்கள் இங்கிலாந்தில் ஓட உரிய விசா வேண்டும். பிரிட்டிஷ் வீரர்கள் தனி அனுமதி இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. தொழில் நிமித்தம் எல்லை தாண்டும் வண்டிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் சுங்கத் தாள்கள் வேண்டும். திங்கள் ஒரு நாடு, செவ்வாய் ஒரு நாடு என்று ஓடுகிறவருக்கு ஒரு தாள் தவறினாலும் ஒரு வாரப் புள்ளிகள் போச்சு. கிளப் அவரை மோசமாக நடத்தவில்லை, எல்லை நடத்தியது. ஆனால் தாளுக்கு விண்ணப்பித்துத் தருவது கிளப்பின் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொல்லியிருந்து, அது தாமதமானால், பழி கிளப்பினுடையதுதான்.

இன்னொரு தாள் லைசென்ஸ். ஒவ்வொரு வீரரும் ஏதாவது ஒரு நாட்டு மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் லைசென்ஸில்தான் ஓடுகிறார். அந்தச் சம்மேளனங்களுக்கு மேலே உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் இருக்கிறது. உக்ரைன் போருக்குப் பின் 2022 மார்ச்சில் அது ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விலக்கியது. முந்தைய ஆண்டு உலகப் பட்டம் வென்ற ரஷ்யர் ஆர்த்தியோம் லகூட்டாவால் அதைக் காக்கத் தடமேறவே முடியவில்லை. போலந்துக் குடியுரிமையும் பெற்றிருந்த அவரும் எமில் சைஃபுத்தினோவும் அந்தப் பருவம் முழுதும் வெளியே இருந்து, 2023இல் போலந்து லைசென்ஸில் போலந்து லீக்குக்குத் திரும்பினார்கள். இது சரியா தவறா என்பது வேறு விவாதம். கிளப்போ ரசிகர்களோ செய்ததாக இதைப் பேசுவது மட்டும் பிழை.

மறுபடியும் சுருக்கமாக: வெளிநாட்டு வீரரை நிறுத்தும் கைகள் நான்கு. கிளப், லீக், சம்மேளனம், அரசு. செய்தியில் “அவர்கள்” என்று வந்தால் இந்த நான்கில் எவர் என்று முதலில் கேட்க வேண்டும்.

“ஓட மாட்டோம்” என்றால்

2015 ஏப்ரலில் வார்சாவின் தேசிய அரங்கில் உலகப் பட்டத் தொடரின் ஓர் ஆட்டம். கால்பந்து அரங்குக்குள் இந்த ஒரு நாளுக்காக மண் கொட்டி அமைத்த தற்காலிகத் தடம். முன்பு உலகப் பட்டம் வென்ற போலந்து வீரர் தோமாஷ் கோலோப்புக்குப் பிரியாவிடை. அரங்கு நிறைந்திருந்தது. தொடக்க நாடா இயந்திரம் மக்கர் செய்தது, தடம் பெயர்ந்தது. 12 ஓட்டங்களோடு ஆட்டம் நிறுத்தப்பட்டது. தொடர்ந்து ஓட வீரர்கள் மறுத்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களின் கோபம் நியாயமானது. அதை வீரர்கள்மேல் திருப்பியதுதான் அநியாயம்.

பிரேக் இல்லாத வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவில் ஒரு குழி இருந்தால், சறுக்கிக்கொண்டிருக்கும் பின்சக்கரம் அங்கே திடீரென்று பிடித்துக்கொள்ளும். வண்டி வீரரை வேலியை நோக்கி எறியும். இங்கிலாந்தின் லீ ரிச்சர்ட்சன் 2012 மே மாதம் போலந்துக் கிளப் ஒன்றுக்கு ஓடும்போது வ்ரொத்ஸ்வாஃப் நகரில் விழுந்து இறந்தார். ஆஸ்திரேலியாவின் டார்சி வார்ட் 2015 ஆகஸ்டில் ஜெலோனா குராவில் விழுந்து, இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். இருவரும் பிறநாட்டில், பிறநாட்டுக் கிளப்பின் சட்டையில் இருந்தவர்கள். இந்த விபத்துகளுக்குத் தடம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தவறினால் என்ன விலை என்பதற்காகச் சொல்கிறேன்.

தடம் ஓடத் தகுந்ததா என்று முடிவு செய்பவர் நடுவர். ஆனால் அதைத் தயாரிப்பது உள்ளூர்க் கிளப். எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, எந்த ஓரத்தில் மண்ணைத் தடிப்பாக விடுவது என்பதெல்லாம் தன் வீரர்களுக்குச் சாதகமாக அமையுமாறு பார்த்துக்கொள்வார்கள். உள்ளூர் வீரர் அங்கே பயிற்சி எடுத்தவர், எந்த வளைவில் எது இளகும் என்று காலுக்கே தெரியும். வந்தவருக்குத் தெரியாது. மறுத்தால் கோழை, ஓடி விழுந்தால் அவர் பருவமே போச்சு. ஓடாத நாளுக்குப் புள்ளிப் பணம் கிடையாது. காயத்துக்கான காப்பீடு மருத்துவச் செலவைத் தாங்கலாம். வேனுக்கும் மெக்கானிக்குக்கும் அடுத்த மாதம் யார் கொடுப்பது?

பாக்கி

கடைசியாக, அதிகம் பேசப்படும் புகார்: ஓடினேன், புள்ளி எடுத்தேன், பணம் வரவில்லை.

இதில் இனவெறியைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். பணமில்லாத கிளப் உள்ளூர்க்காரருக்கும்தான் பாக்கி வைக்கும். வெளிநாட்டவருக்கு அது கூடுதலாக வலிப்பதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. ஒப்பந்தம் அவர் படிக்காத மொழியில் இருக்கும். வழக்குப் போட வேண்டிய நீதிமன்றம் அவர் வாழாத ஊரில் இருக்கும். இலையுதிர் காலத்தில் பருவம் முடிந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிட்டால், கிளப் அலுவலகத்தின் வாசலில் போய் உட்கார ஆளில்லை. உள்ளூர்க்காரரைக் கடைத்தெருவில் பார்த்துவிடுவோமே என்ற கூச்சமாவது கிளப் தலைவருக்கு இருக்கும்.

போலந்தில் இதற்கு ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். அடுத்த பருவத்தில் ஓட ஒவ்வொரு கிளப்புக்கும் உரிமம் வேண்டும். உரிமம் தரும் முன் கணக்கு வழக்கைப் பார்க்கிறார்கள், வீரர்களுக்கு வைத்த பாக்கியும் அதில் அடக்கம். தீர்க்கவேண்டும், அல்லது தவணை முறைக்கு வீரரின் கையெழுத்து வாங்கவேண்டும். பாக்கிச் செய்திகள் குளிர்காலத்தில் திரளாக வருவதன் காரணம் இதுவே. அப்போதுதான் வீரரின் கையில் துருப்பு இருக்கிறது. தவணைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் துருப்பு கிளப்பின் கைக்குப் போய்விடும். போடாவிட்டால் கிளப்பையே மூடவைத்தவர் என்ற பெயர் வரும், அடுத்த ஆண்டு வேறு கிளப்புகளும் அவரை எடுக்கத் தயங்கும்.

இந்தப் பிடிக்கும் ஓர் ஓட்டை உண்டு. கிளப்பை நடத்திய நிறுவனம் திவாலாகிவிட்டால் பாக்கி அந்த நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. வீரர் வங்கிகளோடும் மற்றக் கடன்காரர்களோடும் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அதே ஊரில், அதே தடத்தில், அதே வண்ணச் சட்டையோடு புதிய நிறுவனம் ஒன்று கீழ்மட்ட லீக்கிலிருந்து தொடங்கலாம். சட்டப்படி அது வேறு ஆள். பழைய வீரருக்கு அது ஒரு காசுகூடத் தர வேண்டியதில்லை.